நாடி இன்னும் தாறுமாறாத்தான் ஓடுது, அப்போ மாத்திரை வேலை செய்யலையா?

எங்க ஓபியில் அடிக்கடி வர்ற கேள்வி இது. "டாக்டர், மூணு மாசமா மாத்திரை போடுறேன். வீட்ல பிபி மெஷின்ல பார்த்தா இன்னும் நாடி சீரா இல்லைன்னுதான் காட்டுது. நிறுத்திடலாமா?"

நிறுத்தக் கூடாது. ஏன் கூடாதுன்னு முழுசா விளக்க ஓபியில் நேரம் கிடைக்காது, கதவுக்கு வெளியே வரிசை நிக்கும். அதனால இங்க எழுதுறேன். த்ரெட் நீளம்தான். கதையை 1775ல இருந்து ஆரம்பிக்கணும், வேற வழியில்லை.

முதல்ல நோய். பேர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமா ஏஎஃப். இதயத்தோட மேல் அறைகள் சீரா சுருங்கி விரியறதுக்குப் பதிலா சும்மா நடுங்கிக்கிட்டே இருக்கும். நிமிஷத்துக்கு 350ல இருந்து 600 வரைக்கும் மின் அலைகள். அத்தனையும் கீழ் அறைக்கு இறங்கினா ஆள் அங்கேயே காலி. நல்லவேளையா நடுவுல ஏவி நோடுன்னு ஒரு வாசல் இருக்கு. ஒரு அலையை உள்ளே விட்டா, அடுத்ததை விட அதுக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும். இதுல ஒரு வேடிக்கை, உள்ளே போக முடியாம பாதியில செத்துப்போற அலைகளும் வாசலை அடைச்சு வெச்சுட்டுத்தான் சாகும். அதனால அடுத்தது எப்போ உள்ளே போகும்னு யாராலும் சொல்ல முடியாது. கையில நாடி பிடிச்சா டக்... டக்டக்... டக்......... டக்டக்டக். எந்தத் தாளத்துலயும் அடங்காது.

இங்க ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு. ஒண்ணு, நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு. இன்னொண்ணு, அந்தத் துடிப்புகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி எவ்வளவு சீரா இருக்கு. வேகம் வேற, ஒழுங்கு வேற. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க மருத்துவ உலகத்துக்கு இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவுல சில உயிர்களும் போச்சு.

1775. இங்கிலாந்து. வில்லியம் விதரிங்னு ஒரு டாக்டர், தாவரவியல்லயும் கெட்டிக்காரர். ஷ்ராப்ஷயர் பக்கத்துல ஒரு பாட்டி ரகசியமா வெச்சிருந்த குடும்ப மருந்து பத்தி அவர்கிட்ட அபிப்பிராயம் கேட்குறாங்க. கால் வீங்கி, வயிறு ஊதி, படுக்க முடியாம மூச்சு வாங்குற நோயாளிகளை, பெரிய டாக்டர்களே கைவிட்ட பிறகு, அந்த மருந்து எழுப்பி உட்கார வெச்சிருக்கு. இருபது மூலிகை சேர்ந்த கஷாயம். மத்ததெல்லாம் சும்மா, வேலை செய்யறது ஃபாக்ஸ்குளோவ்ங்கிற ஊதாப்பூச் செடியோட இலைதான்னு விதரிங் கண்டுபிடிச்சார்.

இந்தப் பாட்டிக்கு "மதர் ஹட்டன்"னு பேர் வெச்சு, விதரிங்குக்கு இலையை எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஒரு படம் சுத்திக்கிட்டு இருக்கும். நம்பாதீங்க. அந்தப் பேர் 1928ல ஒரு அமெரிக்க மருந்து கம்பெனி விளம்பரத்துல பிறந்தது. விதரிங் அந்தப் பாட்டி பேரை எழுதவே இல்லை. பேர் தெரியாத ஒரு பாட்டிகிட்ட இருந்து மருத்துவம் கடன் வாங்கிச்சு, அந்தக் கடனுக்கு ரசீதும் கிடையாது.

விதரிங் பத்து வருஷம் அந்த இலையோட மல்லுக்கட்டினார். பர்மிங்காம்ல ஏழைகளுக்கு இலவசமா வைத்தியம் பார்த்தவர், நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. எந்தப் பருவத்துல பறிக்கணும், எப்படிக் காய வைக்கணும், எவ்வளவு கொடுக்கணும், எப்போ நிறுத்தணும், எல்லாத்தையும் எழுதி வெச்சு 1785ல புத்தகமா போட்டார். எனக்கு அந்த மனுஷன்கிட்ட ரொம்பப் பிடிச்சது என்னன்னா, குணமான கேஸை மட்டும் பொறுக்கிப் போடலை. மருந்து கேட்காத ஆளு, வாந்தி எடுத்தே சோர்ந்த ஆளு, செத்துப்போன ஆளு, எல்லாரும் அந்தப் புத்தகத்துல இருக்காங்க.

அளவு மீறினா என்ன ஆகும்னும் எழுதினார். குமட்டல், வாந்தி, பேதி, பார்க்கிறதெல்லாம் மஞ்சளாவும் பச்சையாவும் தெரியறது, நாடி நிமிஷத்துக்கு 35 வரைக்கும் இறங்கிடறது. இன்னைக்கும் எங்க பாடப்புத்தகத்துல டிகாக்ஸின் நச்சுத்தன்மைன்னு படிக்கிறது கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். ஆனா இது முக்கியமா சிறுநீரைப் பெருக்கி நீரை வெளியேத்துற மருந்துன்னுதான் அவர் நினைச்சார். இதயத்து மேல இதுக்கு அலாதியான ஒரு பிடி இருக்குன்னும் கவனிச்சு எழுதி வெச்சார், ஆனா அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டு மேல போகலை. ஈசிஜி இல்லாத காலம். அவரோட நோயாளிகள்ல எத்தனை பேருக்கு ஏஎஃப் இருந்ததுன்னு இனி யாரும் சொல்ல முடியாது. கணிசமா இருந்திருக்கணும்கிறது என் ஊகம்.

அடுத்த நூறு வருஷம் வேகமா ஓட்டிடலாம், பெருமைப்பட ஒண்ணும் இல்லை. காய்ச்சலுக்கு டிஜிட்டாலிஸ், காசநோய்க்கு டிஜிட்டாலிஸ், கண்டதுக்கும் டிஜிட்டாலிஸ். விதரிங் சொன்ன எச்சரிக்கையை யாரும் மதிக்கலை.

கதை திரும்பவும் சூடு பிடிக்கிறது பர்ன்லியில். லங்காஷயர்ல பஞ்சாலைத் தொழிலாளர்கள் நிறைஞ்ச ஊர். அங்க ஜேம்ஸ் மெக்கன்சின்னு ஒரு சாதாரண ஜிபி. பல்கலைக்கழகப் பதவி கிடையாது, லேப் கிடையாது. இதய நோயோட கர்ப்பமா இருந்த ஒரு பொண்ணு பிரசவத்துல கண்ணு முன்னாடி இறந்துபோக, இதயத்தைப் பத்தி நமக்கு ஒண்ணுமே தெரியலையேன்னு அந்த மனுஷன் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சதா சொல்வாங்க. மணிக்கட்டு நாடியையும் கழுத்து நரம்போட அசைவையும் ஒரே காகிதத்துல பக்கத்துப் பக்கத்துல வரையற கருவி ஒண்ணை உருவாக்கினார். பேர் பாலிகிராஃப். அதைச் செஞ்சு கொடுத்தது பக்கத்து ஊர்ல கடிகாரம் ரிப்பேர் பண்ற ஒருத்தர்.

மெக்கன்சிகிட்ட இருந்த பெரிய சொத்து என்னன்னா, ஒரே நோயாளியை வருஷக்கணக்கா பார்க்கிற வாய்ப்பு. மைட்ரல் வால்வு சுருங்கின ஒரு பெண்மணி. முன்னாடி எடுத்த வரைபடத்துல, மேல் அறை சுருங்கும்போது கழுத்து நரம்புல வர்ற ஒரு சின்ன அலை தெளிவா இருந்துச்சு. 1898ல அவங்க நாடி திடீர்னு தாறுமாறாச்சு. அன்னையில இருந்து அந்த அலையைக் காணோம். மேல் அறை வேலை செய்யறதை நிறுத்திடுச்சுன்னு அவர் புரிஞ்சுக்கிட்டார். ஏன்னு மட்டும் புரியலை. அது நின்னுபோகலை, நடுங்கிக்கிட்டு இருக்குன்னு ஈசிஜி வெச்சு லண்டன்ல தாமஸ் லூயிஸ் காட்டினது 1909ல. அதே வருஷம் வியன்னாவுல ரோத்பெர்கரும் வின்டர்பெர்கும் அதே முடிவுக்கு வந்திருந்தாங்க. அதுவரைக்கும் ஏதோ அபூர்வம்னு நினைச்சது, வார்டுல தினமும் பார்க்கிற நோயா மாறிப்போச்சு.

மெக்கன்சி கவனிச்ச இன்னொரு விஷயம்தான் நம்ம கேள்விக்குப் பாதி பதில். டிஜிட்டாலிஸ் அற்புதமா வேலை செய்யறது, நாடி இப்படித் தாறுமாறா வேகமா ஓடுற இதே நோயாளிகள்கிட்டத்தான். அப்படி ஓடின நாடி பாதியா இறங்கும், வீக்கம் வடியும், உட்கார்ந்தே தூங்கினவங்க படுத்துத் தூங்குவாங்க. ஆனா நாடி சீராகாது. மெதுவாகும், அவ்வளவுதான். தாறுமாறு அப்படியே இருக்கும்.

சீராகாமலே ஆள் எப்படித் தேறினாங்க?

கீழ் அறை ஒரு வாளின்னு வெச்சுக்குங்க. குழாயில தண்ணி மெல்ல வருது. நிரம்பறதுக்கு முன்னாடியே தூக்கி ஊத்தினா என்ன வரும்? ஏஎஃப்ல வேகமா துடிக்கும்போது பல துடிப்புகள் காலி வாளியைக் கவிழ்க்கிற கதைதான். ஸ்டெதாஸ்கோப்ல நெஞ்சுல எண்ணினா 140 இருக்கும், மணிக்கட்டுல 100தான் கிடைக்கும். மீதி 40 துடிப்பு இதயம் பட்ட வீண் பாடு. மைட்ரல் வால்வு சுருங்கினவங்களுக்குக் குழாயே பாதி அடைப்பு, அவங்களுக்கு இது இன்னும் மோசம். வேகத்தைக் குறைச்சா வாளி நிரம்ப நேரம் கிடைக்குது. சீரா நிரம்பணும்னு அவசியமில்லை, நிரம்பினா போதும்.

டிஜிட்டாலிஸ் இதைச் செய்யறது பெரும்பாலும் வேகஸ் நரம்பு வழியா, ஏவி நோடுங்கிற அந்த வாசலை இறுக்கி. அதனாலதான் அதுக்கு ஒரு பலவீனமும் இருக்கு. உட்கார்ந்திருக்கும்போது நாடி அழகா 80. மாடிப்படி ஏறினா, பஸ்ஸைப் பிடிக்க ஓடினா, வேகஸ் கையை விட்டுடும், நாடி பிச்சுக்கிட்டுப் போகும். 1960களில் ஜேம்ஸ் பிளாக் பீட்டா பிளாக்கர் மருந்துகளைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த ஓட்டை அடைபட்டது. அவருக்கு 1988ல நோபல். மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால்னு உங்க அட்டையில இருக்கிறது அந்தக் குடும்பம்தான். டில்டியாசம், வெராபமில் வேற குடும்பம், ஆனா அதே வாசல்லதான் வேலை.

இதெல்லாம் வேகத்தைக் குறைச்சவங்க கதை. ஒழுங்கைத் துரத்தினவங்க கதை தனி.

1912. வென்கெபாக்னு ஒரு டச்சு இதய நிபுணர். ஒரு வியாபாரி அவர்கிட்ட வர்றார். ஏஎஃப் விட்டு விட்டு வருது. சரி பண்ண முடியாதுன்னு டாக்டர் சொல்றார். அந்த ஆள் சிரிச்சுட்டு, நாளைக்குக் காலையில சீரான நாடியோட வந்து நிக்கிறேன்னு சவால் விட்டுட்டுப் போறார். சொன்ன மாதிரியே வந்தார். மலேரியா ஊர்கள்ல வியாபாரம் பண்ணினவர், கையில எப்பவும் கொய்னா மாத்திரை. படபடப்பு வரும்போது ஒரு கிராம் போட்டா நின்னுடுதுன்னு தானே கண்டுபிடிச்சிருந்தார்! வென்கெபாக் வெட்கப்படாம 1914ல இதை எழுதினார். 1918ல வால்டர் ஃப்ரே, அதே சின்கோனா பட்டையில இருக்கிற உறவுக்கார மருந்துகளைச் சோதிச்சுப் பார்த்து, குவினிடின்தான் எல்லாத்தையும் விடப் பலமா வேலை செய்யுதுன்னு கண்டார்.

அந்தச் சின்கோனா மரம் நமக்கும் அந்நியமில்லை. 1860கள்ல இருந்து நீலகிரியில அரசாங்கமே தோட்டம் போட்டு வளர்த்துச்சு, நடுவட்டத்துல கொய்னா ஃபேக்டரியே இருந்துச்சு. அந்த டச்சு வியாபாரியோட மாத்திரைக்கும் நடுவட்டத்துக்கும் சம்பந்தம்னு நான் கதை கட்டலை. மரம் ஒண்ணுதான்னு சொல்றேன்.

குவினிடினைப் பார்த்து டாக்டர்களுக்குத் தலைகால் புரியலை. நிஜமாவே நாடியைச் சீராக்குற மருந்து! ஈசிஜியில நடுக்கம் போய் அழகா ஒவ்வொரு அலையா வரும்போது யாருக்குத்தான் சந்தோஷமா இருக்காது? நோயாளிக்கும் சந்தோஷம். ஆனா சிலர் மருந்து போட்ட கொஞ்ச நாள்ல பொத்துன்னு மயங்கி விழுந்தாங்க. சிலர் எழுந்திருக்கவே இல்லை. மேல் அறையைச் சீராக்கின மருந்தே கீழ் அறையில உயிரைப் பறிக்கிற தாறுமாறைக் கிளப்பி விடுதுன்னு 1964ல செல்ஸரும் ரேயும் நோயாளிகளோட பதிவுகளை வெச்சுக் காட்டினாங்க. 1990ல கோப்ளனும் கூட இருந்தவங்களும் 6 ஆய்வுகளை, 808 நோயாளிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு நாடி சீரா இருந்தவங்க குவினிடின் போட்டவங்கள்ல பாதிப் பேர், போடாதவங்கள்ல கால்வாசி. மருந்து ஜெயிச்ச மாதிரி இருக்குல்ல? இறப்பைப் பாருங்க. குவினிடின் போட்டவங்கள்ல 2.9 சதவீதம், போடாதவங்கள்ல 0.8 சதவீதம்.

நாடி அழகாச்சு, ஆள் போய்ட்டாங்க. இந்த ரெண்டு எண்ணையும் படிச்ச பிறகு ஈசிஜி அழகைப் பார்த்து மயங்குற பழக்கம் எனக்குப் போச்சு.

சரி, குவினிடின் மோசம், வேற நல்ல மருந்து வெச்சு ஒழுங்கைத் துரத்தினா? அதுக்குத்தான் அஃபர்ம்னு பெரிய ஆய்வு, 2002ல வெளிவந்தது. 4060 பேர், சராசரி வயசு 70 பக்கம். ஒரு பாதிக்கு நாடியைச் சீராக்குற முயற்சி, பெரும்பாலும் அமியோடரோன் மாதிரி மருந்துகள். மறு பாதிக்கு, தாறுமாறு இருந்துட்டுப் போகட்டும்னு விட்டு, வேகத்தை மட்டும் குறைச்சாங்க. அஞ்சு வருஷத்துல இறப்பு 23.8 சதவீதமும் 21.3 சதவீதமும். புள்ளிவிவரப்படி வித்தியாசம்னு சொல்ல முடியாது, ஆனா சீராக்கினவங்க பக்கம் லாபமும் இல்லை. இன்னொரு பாடமும் அதுல கிடைச்சது. பக்கவாதம் வந்தவங்கள்ல பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தினவங்க, இல்லைன்னா ரத்தத்துல அளவு போதாம இருந்தவங்க. நாடி சீராயிடுச்சேன்னு ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற மாத்திரையை விட்டா என்ன ஆகும்னு இதுல தெரிஞ்சுக்கலாம்.

2010ல டச்சுக்காரங்க இன்னும் ஒரு படி மேல போனாங்க. ரேஸ் 2ன்னு பேர், 614 பேர். வேகத்தை எவ்வளவு குறைக்கணும்? ஒரு குழுவுக்கு ஓய்வுல 80க்குக் கீழே, இன்னொண்ணுக்கு 110க்குக் கீழே இருந்தா போதும். மூணு வருஷத்துல கெட்டது நடந்தது கண்டிப்பான குழுவுல 14.9 சதவீதம், தாராளமா விட்ட குழுவுல 12.9. இலக்கை எட்டறதுக்காக கண்டிப்பான குழு ஆஸ்பத்திரிக்கு வந்தது மொத்தம் 684 தடவை, தாராளக் குழு 75 தடவை. கூலி வேலையை விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி வர்றவங்களுக்கு மருந்து எழுதுற ஒருத்தனுக்கு அந்த 684ம் 75ம் எவ்வளவு பெரிய செய்தி தெரியுமா.

ஆனா இதோட கதை முடிஞ்சதுன்னும் சொல்ல முடியாது. 2020ல ஐரோப்பாவுல ஈஸ்ட்ங்கிற ஆய்வு, 2789 பேர். ஏஎஃப் கண்டுபிடிச்சு ஒரு வருஷத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு, ஆரம்பத்துலேயே நாடியைச் சீராக்கினா பக்கவாதமும் இதய நோயால வர்ற இறப்பும் குறையுதுன்னு காட்டுச்சு. அதனால புதுசா ஏஎஃப் வந்தவங்க, தாறுமாறா இருந்தா இருக்கட்டும்னு இந்தத் த்ரெட்டைக் காட்டி விட்டுடாதீங்க, இதய மருத்துவரைப் பாருங்க. ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரை தேவைப்படறவங்களுக்கு, நாடி சீரானாலும் ஆகாட்டியும் அது தேவைதான். ரூமாட்டிக் காய்ச்சலால வால்வு கெட்டவங்களுக்கு அது வார்ஃபரின், அசிட்ரோம் வகையாத்தான் இருக்கணும்னு 2022ல இந்தியாவும் கலந்துக்கிட்ட இன்விக்டஸ் ஆய்வு காட்டிடுச்சு.

இப்போ பிபி மெஷினுக்கு வர்றேன். வேகத்தைக் குறைக்கிற மருந்து சாப்பிட்டா தாறுமாறு கூடுமா, குறையுமா? நிறையப் பேர் குறையும்னு நினைப்பாங்க. ஒரு கணக்கு பாருங்க. நாடி 120ன்னா சராசரி இடைவெளி அரை செகண்ட். எல்லாத் துடிப்பும் நெருக்கி அடிச்சுக்கிட்டு வருது, விலகி நிக்க இடமே இல்லை. மருந்து போட்டு 75 ஆச்சுன்னா சராசரி 0.8 செகண்ட். வாசல் இறுகினதால சில இடைவெளி 0.6, சிலது 1.2ன்னு நீளும். சிதறல் கூடத்தான் செய்யும். நார்வேயில 60 ஏஎஃப் நோயாளிகளுக்கு டில்டியாசம், வெராபமில், மெட்டோப்ரோலால், கார்வெடிலால்னு நாலையும் மாத்தி மாத்திக் கொடுத்து, 24 மணி நேர ஈசிஜி எடுத்துப் பார்த்தாங்க. நாடி குறைஞ்சது, இடைவெளிகளோட சிதறல் கூடுச்சு. அதாவது மருந்து போட்ட பிறகு விரலுக்குத் தாறுமாறு முன்னைவிடத் தெளிவாவே படலாம். மருந்து தோத்துப்போச்சுன்னு அர்த்தமில்லை, வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

இன்னும் ஒரு ஆச்சரியம். 2000ல ஜப்பான்ல, நாள்பட்ட ஏஎஃப் இருக்கிறவங்களைத் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வுல, யாரோட நாடியில தாறுமாறு குறைவா இருந்ததோ அவங்கள்லதான் இறப்பு அதிகம். சின்ன ஆய்வு, இதை வெச்சு வைத்தியம் பண்ண முடியாது. ஆனா ஏஎஃப்ல சீரா இருக்கிறதெல்லாம் நல்லதுன்னு எடுத்துக்கக் கூடாதுன்னு காட்டுது. ஸ்மார்ட் வாட்ச்ல வர்ற எச்ஆர்வி எண்ணும் இதே மாதிரிதான். சாதாரண இதயத்துல அது வேகஸ் நரம்போட நிலையைச் சொல்லும். ஏஎஃப்ல அது வாசல்ல நடக்கிற தள்ளுமுள்ளோட கணக்கு. அதைப் பார்த்து மன அழுத்தம் குறைஞ்சிருக்குன்னு சந்தோஷப்பட வேண்டாம். பிபி அளவும் துடிப்புக்குத் துடிப்பு மாறும், ஒரே தடவை பார்த்துட்டுப் பதறாம மூணு தடவை எடுத்து சராசரி பாருங்க.

டிகாக்ஸின் கிழட்டு மருந்தாச்சே, இன்னும் எதுக்குக் கொடுக்கிறீங்கன்னு கேட்பீங்க. 1930ல கம்பளி ஃபாக்ஸ்குளோவ் செடியில இருந்து சிட்னி ஸ்மித் பிரிச்செடுத்த அதே பொருள்தான். 2020ல இங்கிலாந்துல, 60 வயசைத் தாண்டின 160 ஏஎஃப் நோயாளிகள்கிட்ட பிசோப்ரோலாலோட மோத விட்டாங்க. ஆறு மாசத்துல வாழ்க்கைத் தரம் ரெண்டுலயும் சமம், பக்கவிளைவு டிகாக்ஸின்ல குறைவு. விலையும் கம்மி, அரசு மருத்துவமனையில இலவசமாவே கிடைக்குது. கிட்னி சரியா இருக்கணும், பொட்டாசியம் குறையக் கூடாது, வயசானவங்களுக்கு அளவு குறைக்கணும். வாரத்துல அஞ்சு நாள் போட்டு ரெண்டு நாள் விடுங்கன்னு எழுதிக் கொடுத்திருந்தா, அந்த ரெண்டு நாளை மறக்காம விடுங்க.

கடைசியா ஒண்ணு, இதை வீட்ல இருக்கிற பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க. டிகாக்ஸின் சாப்பிடுற ஏஎஃப் நோயாளி, வருஷக்கணக்கா தாறுமாறா ஓடின நாடி. ஒரு நாள் திடீர்னு கடிகாரம் மாதிரி சீரா, 40, 45ன்னு அடிக்குது. கூடவே சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல், சோர்வு, விளக்கைச் சுத்தி மஞ்சளா தெரியுது. "அப்பாடா, நாடி சரியாயிடுச்சு"ன்னு சாமிக்குத் தேங்காய் உடைக்காதீங்க. வாசல் முழுசா சாத்திக்கிச்சு, மேலே இருந்து எதுவும் இறங்கலை, கீழே ஏதோ ஒரு மூலை தன்னந்தனியா ஓட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தமா இருக்கலாம். அடுத்த டோஸைப் போடாம, மாத்திரை அட்டையோட உடனே கேஷுவாலிட்டிக்கு வாங்க. ராத்திரி 2 மணி ஆனாலும் சரி, ஈசிஜி எடுத்துப் பார்த்துடலாம்.

வார்ஃபரின் கதை இதைவிட விசித்திரம், மாட்டுத் தொழுவத்துல ஆரம்பிக்கும். அது அடுத்த த்ரெட்.